பி.எச்டி மாணவருக்கு மாதாமாதம் பணம் தருவது யார்?

எம்.எஸ்சி.யோ எம்.ஏ.வோ முடித்துவிட்டு முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தவரிடம் சொந்தக்காரர்கள் தவறாமல் கேட்பது இது: "இன்னும் எத்தனை வருஷம் படிப்பே? அதுக்கு அவங்க காசு குடுப்பாங்களா, நாமதான் கட்டணுமா?" கேட்கும் தொனி எப்படியிருந்தாலும் கேள்வி நியாயமானது. சேர்கிற மாணவர்களில் பலருக்கே இதற்கு முழுப் பதில் தெரியாது. முதுகலை படிக்கிறவர்களுக்கும், பிள்ளையை ஆய்வுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற பெற்றோருக்கும் இந்தியாவில் ஆய்வு உதவித்தொகை எப்படி இயங்குகிறது என்று இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாடு. இளங்கலையில் ஸ்காலர்ஷிப் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தின் பாரம் குறையும், அவ்வளவுதான். சாப்பாடு, துணிமணி, பஸ் செலவு எல்லாம் வீட்டுக் கணக்கில் ஓடும். ஆய்வுக்கு அந்தக் கணக்கு சரிப்படாது. முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு என்கின்றன பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யுஜிசியின், 2022 விதிமுறைகள். 23, 24 வயதில் சேர்கிறவர் முடிக்கும்போது முப்பதைத் தொட்டுக்கொண்டிருப்பார். கூடப் படித்தவர்கள் அதற்குள் வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, வீட்டுக் கடனும் கட்ட ஆரம்பித்திருப்பார்கள். அந்த வயதில் ஒருவரை முழுநேரமாக ஆய்வுக்கூடத்திலோ நூலகத்திலோ உட்கார வைக்க வேண்டுமென்றால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால் போதாது. அவர் வாழ வழி செய்ய வேண்டும். ஃபெல்லோஷிப் என்று நாம் சொல்கிற ஆய்வு உதவித்தொகை அதற்காக வந்ததுதான்.

இந்தியாவில் இதற்கு அளவுகோல் ஜே.ஆர்.எஃப். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை என்பது தமிழ்ப் பெயர். வளாகத்தில் எல்லோரும் ஜே.ஆர்.எஃப் என்றுதான் சொல்வார்கள். நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வை எழுதி இதைப் பெற வேண்டும். தமிழ், வரலாறு, பொருளாதாரம், வணிகவியல், கணினி அறிவியல் போன்ற பாடங்களுக்கு யுஜிசி நெட். வேதியியல், இயற்பியல், கணிதம், உயிர் அறிவியல், புவி அறிவியல் ஆகியவற்றுக்கு சிஎஸ்ஐஆர் என்கிற அறிவியல், தொழிலக ஆய்வுக் கழகத்தோடு சேர்த்து நடக்கும் நெட். இரண்டையும் இப்போது தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. யுஜிசி நெட்டில் ஜே.ஆர்.எஃப்-க்கு வயது வரம்பு 30. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவர் ஆகியோருக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு.

"நெட் பாஸ்" என்று ஒருவர் சொன்னால் உடனே உதவித்தொகை கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 ஜூன் தேர்விலிருந்து முடிவுகள் மூன்று படிகளாக வருகின்றன. மேல் படியில் இருப்பவருக்கு ஜே.ஆர்.எஃப், உதவிப் பேராசிரியர் தகுதி இரண்டும் கிடைக்கும். நடுப்படியில் உதவிப் பேராசிரியர் தகுதியும் பி.எச்டி சேர்க்கைக்கான தகுதியும். கடைசிப் படியில் சேர்க்கைத் தகுதி மட்டும். பணம் வருவது மேல் படிக்குத்தான். இரண்டு மூன்று மதிப்பெண் வித்தியாசத்தில் ஒருவர் மேலேயும் இன்னொருவர் கீழேயும் நிற்பார்கள். அடுத்த ஐந்து ஆண்டு இருவரும் எப்படி வாழப்போகிறார்கள் என்பதை அந்த இரண்டு மூன்று மதிப்பெண் தீர்மானித்துவிடும்.

எவ்வளவு பணம்? 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். அதன்பின் ஒரு குழு ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்தால் முதுநிலை ஆய்வாளராக, எஸ்.ஆர்.எஃப் ஆக உயர்த்துவார்கள். அப்போது மாதம் 42,000. இரண்டும் சேர்த்து மொத்தம் 5 ஆண்டு. கூட்டிப் பார்த்தால் 24 லட்சம் ரூபாய். கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஐந்தாண்டுக்குப் பங்கிட்டால், ஐ.டி. கம்பெனியில் சேர்ந்த நண்பர் மூன்றாம் நான்காம் ஆண்டிலேயே வாங்குகிற சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராமல் போகலாம். வருங்கால வைப்பு நிதி கிடையாது, பதவி உயர்வு கிடையாது. ஆனால் ஒருவர் வீட்டை எதிர்பார்க்காமல் தன் காலில் நிற்க இது போதும். கிராமத்திலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் இதிலிருந்தே மாதாமாதம் ஊருக்கும் அனுப்புகிறார்கள்.

இதோடு வீட்டு வாடகைப்படி உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கான விகிதம்தான் இதற்கும். நகரங்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்ட பிறகு அந்த விகிதம் 30, 20, 10 சதவீதம் என்றானது. சென்னை முதல் வகை. கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு இரண்டாம் வகை. மற்ற ஊர்களெல்லாம் மூன்றாவது. ஆக ஜே.ஆர்.எஃப் வாங்கும் ஒருவருக்குச் சென்னையில் 11,100 ரூபாய் வாடகைப்படி என்றால், சிதம்பரத்திலோ காரைக்குடியிலோ 3,700தான். விடுதியில் இடம் கொடுத்து, அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வீடு எடுத்தால் இந்தப் படியைக் கேட்க முடியாது. இந்த விதி பலருக்கும் வெளியே வீடு எடுத்து அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் தெரியவருகிறது.

அடுத்து கண்டின்ஜென்சி என்கிற ஆய்வுச் செலவுத் தொகை. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. மாதத் தொகை மாணவர் வாழ்வதற்கு. இது ஆய்வு நடப்பதற்கு. யுஜிசி கணக்கில் கலை, சமூக அறிவியல் துறைகளுக்கு முதல் 2 ஆண்டும் ஆண்டுக்கு 10,000 ரூபாய், பிறகு 20,500. அறிவியல் துறைகளுக்கு முதலில் 12,000, பிறகு 25,000. இது மாதத்துக்கு இல்லை, ஆண்டு முழுவதற்கும். ஐந்தாண்டுக்கும் சேர்த்தால் கலைத் துறை மாணவருக்கு 81,500, அறிவியல் மாணவருக்கு 99,000.

இந்தப் பணத்தில் என்ன நடக்கும் என்று ஓர் உதாரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு நூல்கள் பற்றி ஆய்வு செய்கிற மாணவி திருநெல்வேலியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வேண்டிய நூல்களில் பாதி சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கும். கொஞ்சம் கன்னிமாரா நூலகத்தில் இருக்கும். அரசு ஆணைகளும் கடிதங்களும் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். ஒரு தடவை போய்விட்டு வருகிற வேலை இல்லை இது. ஒரு கோப்பைப் பார்த்தால் அது இன்னொரு கோப்பைச் சுட்டும். அதை எழுதிக் கேட்டு, எடுத்து வருவதற்குள் நாள் முடிந்துவிடும். இரண்டு மூன்று வாரம் சென்னையில் தங்கினால்தான் உருப்படியாக ஏதாவது கையில் சிக்கும். ரயில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, நகலெடுக்கும் செலவு என்று பார்த்தால், ஆண்டுக்கு 10,000 என்பது அப்படி ஒரு பயணத்தோடு கரைந்துவிடும். மீதிப் பயணமெல்லாம் மாதத் தொகையிலிருந்துதான். அந்த 37,000 இல்லாவிட்டால் பயணமே இல்லை. தலைப்பைத் தன் ஊரில் கிடைக்கிற நூல்களுக்குள் சுருக்கிக்கொள்வார். பார்த்திருக்க வேண்டிய மூலங்களைப் பார்க்காத ஆய்வேடு என்று பின்னால் யாராவது குறை சொல்லும்போது, அதன் பின்னால் பெரும்பாலும் இருப்பது இந்தக் கணக்குதான். சோம்பல் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

அறிவியல் பக்கம் நிலைமை வேறு. உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறு குப்பி ஆன்டிபாடியே பல ஆயிரம் ரூபாய் விலை. ஆண்டுக்கு 12,000 ரூபாயை வைத்துக்கொண்டு அங்கே எதுவும் செய்ய முடியாது. அதனால் வேதிப்பொருள், கருவி, மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பும் கட்டணம் எல்லாம் நெறியாளர், அதாவது ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர், வாங்கியிருக்கும் ஆய்வுத் திட்டத்தின் நிதியிலிருந்து வரும். மாணவரின் உதவித்தொகை அவருடைய நேரத்துக்கான விலை. அந்த நேரத்தில் எதைச் செய்யலாம் என்பதை நெறியாளரின் திட்ட நிதி முடிவு செய்கிறது. கோட்பாட்டு இயற்பியலிலும் கணிதத்திலும் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே ஒரு நல்ல கணினியும் இரண்டு மாநாட்டுப் பயணமும் போதும்.

கண்டின்ஜென்சியில் மேசை நாற்காலி வாங்கக் கூடாது, தேர்வுக் கட்டணம் கட்டக் கூடாது. புத்தகம், வேதிப்பொருள், தட்டச்சு, களப்பயணம் என்று ஆய்வோடு ஒட்டியவற்றுக்கு மட்டும். ரசீது வேண்டும். டீக்கடையோரம் நகலெடுத்தவர் ரசீது தரமாட்டார். கிராமத்தில் பேட்டி எடுக்க ஏறிய ஷேர் ஆட்டோவுக்கும் ரசீது கிடையாது. களப்பணி செய்கிற மாணவர்களின் செலவில் பெரும்பகுதி இப்படிச் சில்லறையாகப் போவதால், அவர்கள் பெறக்கூடிய தொகையைக்கூட முழுதாகக் கேட்டுப் பெறுவதில்லை.

சரி, பணம் எப்படிக் கைக்கு வருகிறது? யுஜிசி உதவித்தொகை கனரா வங்கி வழியாக நேரே மாணவரின் கணக்குக்கு வருகிறது. ஆனால் தானாக வந்துவிடாது. இந்த மாணவர் இந்த மாதமும் ஆய்வில் தொடர்கிறார் என்று பல்கலைக்கழகம் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். அதற்கு அலுவலகத்தில் இரண்டு பேர்: விவரங்களைப் பதிகிறவர் மேக்கர், சரிபார்த்து ஒப்புதல் தருகிறவர் செக்கர். இந்த இருவரில் ஒருவர் நீண்ட விடுப்பில் போனாலோ இடமாற்றம் ஆனாலோ அந்த மாதம் பணம் ஏறாது. ஜே.ஆர்.எஃப்-லிருந்து எஸ்.ஆர்.எஃப்-க்கு மாறும் கட்டத்தில் குழு கூடுவது தள்ளிப்போனால், காகிதங்கள் போய்ச் சேரும்வரை பழைய தொகையோ, சில சமயம் அதுவும் இல்லாமலோ ஓட்ட வேண்டியிருக்கும். வித்தியாசத் தொகை அப்புறம் அரியராக வந்துவிடும் என்பார்கள். வரும்தான். ஆனால் வீட்டுக்காரர் வாடகையை அரியராக வாங்கிக்கொள்ள மாட்டாரே. தொகையை ஏற்றுவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். என்னைக் கேட்டால், மாதம் பிறந்ததும் தவறாமல் வருகிற 35,000, மாதம் 42,000 என்ற கணக்கில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வருவதைவிட ஆய்வுக்கு நல்லது. அடுத்த மாதம் பணம் உண்டு என்று தெரிந்தால்தான் ஒருவர் மூன்று மாதக் களப்பணிக்குத் திட்டமிட முடியும்.

இனி, கட்டுரையின் முக்கியமான இடம். உதவித்தொகையில் "எவ்வளவு?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "யார் பெயரில்?" என்று கேட்பவர்கள் குறைவு. மூன்று வழிகளில் பணம் வரலாம்.

மாணவர் தேர்வெழுதி வாங்கிய ஜே.ஆர்.எஃப் அவருடைய பெயரில் இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகத்தில் சேருவது, யாரிடம் ஆய்வு செய்வது, எந்தத் தலைப்பு என்பதில் அவருக்குக் கொஞ்சம் பேரம் பேசும் பலம் உண்டு. நெறியாளருக்கும் செலவில்லை என்பதால் ஜே.ஆர்.எஃப் வைத்திருக்கும் மாணவரை எல்லோரும் விரும்பிச் சேர்த்துக்கொள்வார்கள். நெறியாளரோடு ஒத்துப்போகாவிட்டால், விதிமுறைப்படி வேறொருவரிடம் மாறினாலும் பணம் அவரோடு வரும். நடைமுறையில் அது அவ்வளவு சுலபம் இல்லை. கையெழுத்துகள் பல வேண்டும். ஆனாலும் வழி இருக்கிறது.

இரண்டாவது, நிறுவனத்தின் பணம். ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் சேர்க்கைத் தேர்விலும் நேர்காணலிலும் தேர்வானால் நிறுவனமே ஜே.ஆர்.எஃப்-க்குச் சமமான தொகையைத் தரும். பதிலுக்கு வாரத்துக்கு 8 மணி நேரம் இளங்கலை மாணவர்களின் ஆய்வுக்கூட வகுப்பைக் கவனிப்பது, விடைத்தாள் திருத்துவது போன்ற வேலை இருக்கும். இதைச் சுமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பின்னால் ஆசிரியர் வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி அமையாது.

மூன்றாவது, நெறியாளரின் ஆய்வுத் திட்டத்திலிருந்து வரும் பணம். அறிவியல் ஆய்வுகளுக்கு நிதி தர முன்பு செர்ப் என்ற வாரியம் இருந்த இடத்தில் இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 2023-இல் வந்த சட்டத்தின்படி அமைந்தது. அறிவியல், தொழில்நுட்பத் துறை, உயிரித் தொழில்நுட்பத் துறை போன்றவையும் திட்டங்களுக்குப் பணம் தருகின்றன. அந்தத் திட்டத்தில் ப்ராஜெக்ட் ஃபெல்லோவாகச் சேர்ந்து, அதே வேலையைப் பி.எச்டி-யாகவும் பதிவு செய்துகொள்வது வழக்கம். நல்ல வழிதான், ஒரு சிக்கலைத் தவிர. இப்படிப்பட்ட திட்டங்கள் பெரும்பாலும் 3 ஆண்டுக்குத்தான். திட்டம் தொடங்கி ஓராண்டு கழித்துச் சேர்ந்தவருக்கு மிஞ்சுவது 2 ஆண்டு. அதற்குள் பி.எச்டி முடியாது. அடுத்த திட்டம் கிடைத்தால் அதில் தொடரலாம், கிடைக்காவிட்டால் கைக்காசு. அதுவுமில்லாமல் திட்டத்தில் எழுதிக் கொடுத்த வேலையைத்தான் செய்ய வேண்டும். நெறியாளர் சொல்வது தவறு என்று மூன்றாம் ஆண்டில் உங்களுக்குத் தோன்றினால், அதைச் சொல்லும் துணிவு யாருடைய கையெழுத்தில் உங்கள் மாதப் பணம் வருகிறது என்பதைப் பொறுத்து மாறும். ஆய்வுச் சுதந்திரம் என்று மேடையில் பேசுகிற விஷயம் அன்றாடத்தில் இவ்வளவு சாதாரணமாகத்தான் இருக்கிறது.

ஜே.ஆர்.எஃப் கிடைக்காதவர்களுக்கு என்ன வழி? மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத உதவித்தொகை என்று ஒன்று உண்டு. பி.எச்டி-க்கு மாதம் 8,000 ரூபாய். 2015 அக்டோபரில் யுஜிசி இதை நிறுத்துவதாக முடிவெடுத்தபோது டெல்லியில் மாணவர்கள் யுஜிசி அலுவலக வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆக்குப்பை யுஜிசி என்று அந்தப் போராட்டத்துக்குப் பெயர். பிறகு தொகை தொடரும் என்று அறிவித்தார்கள். இதை உயர்த்த வேண்டும், மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் விரிவாக்க வேண்டும் என்பதும் அன்றைய கோரிக்கை. நம் ஊரில் பெரும்பாலான பி.எச்டி மாணவர்கள் படிப்பது மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் இணைவுக் கல்லூரிகளிலும் என்பதை நினைவில் வைத்தால் அந்தக் கோரிக்கையின் எடை புரியும்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகை 2005-06-இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கியது. பழங்குடி மாணவர்களுக்குத் தனியாக ஆண்டுக்கு 750 இடங்கள். பிற்படுத்தப்பட்டோருக்கும் ஒன்று உண்டு. தொகை ஜே.ஆர்.எஃப் அளவேதான். சிறுபான்மை மாணவர்களுக்காக மௌலானா ஆசாத் பெயரில் இருந்த உதவித்தொகையை 2022-23 முதல் மத்திய அரசு நிறுத்திவிட்டது. ஏற்கெனவே பெற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் தொடர்ந்தது. பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றவர்கள் மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறை தரும் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் முழுநேர ஆய்வு செய்யும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. மாதத்துக்கு 8,000 சொச்சம். முழு வாழ்வாதாரம் ஆகாது, ஆனால் பாதியில் விட்டுவிடலாமா என்று தவிக்கிற மாணவருக்கு அந்த ஆண்டைக் கடக்க உதவும்.

இதற்கெல்லாம் எதிர்முனையில் பிரதமர் ஆய்வு உதவித்தொகை. 2018-19 பட்ஜெட்டில் அறிவித்தது. முதல் 2 ஆண்டு மாதம் 70,000, மூன்றாம் ஆண்டு 75,000, கடைசி 2 ஆண்டு 80,000. கூடவே ஆண்டுக்கு 2 லட்சம் ஆய்வுச் செலவுக்கு. ஐந்தாண்டுக்குக் கூட்டினால் 55 லட்சம். இந்திய அறிவியல் கழகம், ஐ.ஐ.டி.கள், ஐசர்கள் எனப்படும் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்கள் போன்ற தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்கு மட்டும். நன்றாகப் படிப்பவர்கள் வெளிநாடு போய்விடக் கூடாது என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் ஆண்டுக்கு 2 லட்சம் செலவுத் தொகைக்கும், மாநிலப் பல்கலைக்கழகத்து ஜே.ஆர்.எஃப் மாணவரின் 12,000 ரூபாய்க்கும் இடையிலுள்ள தூரத்தைத் திறமையை வைத்து மட்டும் விளக்க முடியாது. நல்ல கருவிகளும் நூலகமும் ஏற்கெனவே இருக்கிற இடத்துக்கே செலவுத் தொகையும் கூடுதலாகப் போகிறது.

தொகை எப்படி உயர்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி திருத்தப்படுகிறது. ஆய்வு மாணவருக்கு அப்படி எதுவும் இல்லை. 2010-இல் 16,000 ஆக இருந்த ஜே.ஆர்.எஃப் 2014-இல் 25,000 ஆனது, 2019 ஜனவரியில் 31,000, 2023 ஜனவரியில் 37,000. 2018 இறுதியிலும் 2019 தொடக்கத்திலும் ஆய்வு மாணவர்கள் தெருவுக்கு வந்து கேட்ட உயர்வு 80 சதவீதம். கிடைத்தது 24 சதவீதம். அடுத்த தடவை 19 சதவீதத்துக்குச் சற்றுமேல். நான்காண்டு, ஐந்தாண்டு இடைவெளியில் விலைவாசி ஏறுவது மாணவரின் கணக்கில்தான் கழியும். இன்னொன்று, கண்டின்ஜென்சித் தொகை 2023-இல் நகரவே இல்லை.

காலக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஆய்வை முடிக்க 6 ஆண்டு வரை அனுமதி. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் 2 ஆண்டு. ஆனால் உதவித்தொகை 5 ஆண்டுக்கு மேல் இல்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த அன்றோடு அதுவும் நின்றுவிடும். சமர்ப்பித்த பிறகு தேர்வாளர்களுக்கு அனுப்பி, அறிக்கைகள் வந்து, வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நடக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் பட்டமும் கையில் இல்லை, பணமும் இல்லை. எழுதி முடித்த ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்தாண்டு முடியும்வரை சமர்ப்பிக்காமல் காத்திருப்பவர்கள் இதனால்தான் இருக்கிறார்கள். சீக்கிரம் முடிக்கிறவருக்கு நஷ்டம் வருகிற மாதிரி ஒரு விதி இருந்தால் வேறென்ன நடக்கும்? சமர்ப்பித்த பின்னும் ஆறு மாதத்துக்குத் தொகை தொடர்ந்தால், அரசுக்கு ஆகிற செலவைவிடத் துறைகளுக்குக் கிடைக்கிற பலன் அதிகமாக இருக்கும் என்பது என் கருத்து.

அமெரிக்கா பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரு வரி. அங்கும் இதே மூன்று வழிகள்தான்: சொந்தப் பெயரில், வகுப்பு எடுத்து, அல்லது பேராசிரியரின் திட்டத்தில். தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பட்டதாரி ஆய்வு உதவித்தொகையில் மாணவருக்கு ஆண்டுக்கு 37,000 டாலரும், கட்டணத்துக்கு ஈடாகப் பல்கலைக்கழகத்துக்கு 16,000 டாலரும் 3 ஆண்டுக்குத் தருகிறார்கள். அங்கே கட்டணம் மிக அதிகம் என்பதால் "கட்டணத் தள்ளுபடி உண்டா?" என்பதை முதலில் பார்க்க வேண்டும். இங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குறைவு, அதனால் நம் கவலை முழுக்க மாதத் தொகையில் நிற்கிறது.

கடைசியாக, சேரப்போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகை வாங்கக் கூடாது. சம்பளத்தோடு சேர்த்தும் வாங்கக் கூடாது. வேலை கிடைத்துவிட்டால் உதவித்தொகையை முறைப்படி விட்டுவிட்டதாக எழுதிக் கொடுக்க வேண்டும். கூடுதலாக வந்த மாதங்களின் பணத்தைப் பின்னால் திருப்பிக் கேட்பார்கள். ஏற்கெனவே பி.எச்டி-யில் சேர்ந்திருந்து பிறகு ஜே.ஆர்.எஃப் பெற்றால், தேர்வு முடிவு வந்த தேதி, சேர்ந்த தேதி இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்துதான் தொகை கணக்காகும். அதற்கு முந்தைய மாதங்களுக்குக் கிடைக்காது. ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு உண்டு. மாணவிகளுக்குப் பிரசவ, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக ஆய்வுக்காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள் வரை 2022 விதிமுறைகள் அனுமதிக்கின்றன. இதைத் துறையில் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும்.

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கட்டுரைகளைப் படிப்பதோடு, அவரிடம் ஏற்கெனவே ஆய்வு செய்கிற சீனியர்களைத் தனியாகச் சந்தித்துப் பேசுங்கள். திட்டத்தில் சேரச் சொன்னால், அந்தத் திட்டம் எந்த மாதம் முடிகிறது என்று கேளுங்கள். அவரிடம் முன்பு படித்தவர்கள் பணம் நின்ற பிறகு எத்தனை மாதம் ஓட்டினார்கள் என்று கேளுங்கள். மேக்கர், செக்கர் யார், அவர்கள் எந்த அறையில் உட்காருகிறார்கள் என்பதையும் சேர்ந்த வாரமே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.